பாதித் தேள்

பச்சை குத்தும் தொழிலுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கப்பா எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று யாராவது கேட்டால், பரம்பரை என்றோ கலை ஆர்வம் என்றோ நீங்கள் அளந்துவிடக் கூடாது. நிழல்தான் காரணம். நிழலில் உட்கார்ந்துகொண்டு செய்யக்கூடிய வேலை ஒன்று உலகத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன், வந்துவிட்டேன்.

அப்போது இரண்டாவது உலகச் சண்டை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதியமான்கோட்டையில் என் பங்குக்கு வந்தது மானாவாரி நிலம். மழை பெய்தால் கேழ்வரகு, ஏமாற்றினால் கொள்ளு, ஒரேயடியாக ஏமாற்றினால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஐந்தாம் வகுப்பு என்பது மோசமான படிப்பு. அதைப் படித்தவனுக்கு ஏர் பிடிப்பது கேவலமாகத் தெரியும், கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனால் அவனே கேவலமாகத் தெரிவான். எனக்கு ஓரளவு வந்தது படம் போடுவதுதான். வண்டிப் பலகையில் மயில் போடுவேன். கோயில் சுவரில் அம்மனுக்காக நான் போட்ட சிங்கத்தை ஊரில் எல்லாரும் மரியாதையாகக் கும்பிட்டார்கள். ஆனால் நாய்க்கு எதற்கு இவ்வளவு மயிர் என்றும் கேட்டார்கள்.

ஒருமுறை புளி மூட்டை ஏற்றிய லாரியில் கூலியாளாகப் பெங்களூருக்குப் போனேன். அங்கே பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் தண்டுப் பக்கம், ஒரு புங்கமரத்தடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பின்னால் துணியில் பாம்பு, கழுகு, கத்தி என்று படங்கள் தொங்கின. சிப்பாய்கள் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவன் ஊசியால் குத்திக்கொண்டிருந்தான். காலில் பூட்ஸ் போட்டிருந்தான். குத்திக்கொள்கிறவனே மறு கையால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தான். நான் முதுகில் புளி மூட்டையோடு நின்று பார்த்தேன். மூட்டையை இறக்கிவைக்கும்போதே தொழிலை முடிவு செய்துவிட்டேன்.

நம் பக்கத்தில் பச்சை குத்துவது பெண்கள் செய்கிற தொழில் என்பதும், அதுவும் ஊர் ஊராகப் போய்க் குத்துகிற பெண்கள்தான் செய்கிறார்கள் என்பதும், குத்திக்கொள்கிறவர்களும் பெண்கள்தான் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் புத்தி வேலை செய்யும்போது இந்த மாதிரி சின்ன விஷயங்கள் கண்ணில் படுவதில்லை.

வீட்டுக்கு வந்து ஏற்பாடுகளை ஆரம்பித்தேன். மூன்று தையல் ஊசிகளைச் சேர்த்து ஒரு குச்சியில் நூலால் கட்டினேன். ஆமணக்கெண்ணெய் விளக்கில் கரி பிடித்து, அகத்திக்கீரைச் சாற்றை விட்டு, கொட்டாங்குச்சியில் மை குழைத்தேன். அகத்திச் சாறு இல்லாமல் அந்தக் கரி தோலில் நிற்காது, இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பழகுவதற்கு ஒரு சுரைக்காயை எடுத்துக்கொண்டேன். சுரைக்காய் நல்ல ஆள். அழாது, கையை இழுக்காது. அதன் மேல் ஒரு மயில் குத்தினேன். அடுத்த நாள் உங்கள் அம்மா அதை வெட்டிக் குழம்பு வைத்தாள். குழம்பு கறுத்துவிட்டது. "மயிலு நல்லா வெந்திருக்குதுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம், எதற்கும் சிரிப்பாள்.

சுரைக்காய்க்குப் பிறகு என் தொடை. முட்டிக்கு மேலே ஒரு மயில் குத்திக்கொண்டேன். பாதியில் வலி தாங்காமல் தோகையைக் கொஞ்சம் சிக்கனமாக முடித்தேன். அது இன்றைக்கும் கோழியாகத்தான் இருக்கிறது. நான் யார் முன்னாலும் வேட்டியை மடித்துக் கட்டுவதில்லை என்று ஊரில் நல்ல பெயர் உண்டு. காரணம் மரியாதை மட்டுமல்ல.

இனி சந்தைக்குப் போய்க் கடை போடுவது என்று சொன்ன அன்றைக்குத்தான் உங்கள் அம்மா சிரிப்பை நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் ஏறினால் மரியாதையும் கூடவே ஏறும். அது உங்களுக்கும் தெரியும்.

"சரிங்க. குத்தறதுக்கு முன்னால கையப் புடிக்கணுமில்லைங்களா?"

"ஆமா. தோல இழுத்துப் புடிச்சாத்தான ஊசி எறங்கும்."

"யாரு கையிங்க?"

"குத்திக்கிறவங்க கையி."

"நம்ம பக்கம் யாருங்க குத்திக்கிறாங்க? ஆம்பளைங்களா?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி இருமியிருப்பான். நான் வியாபாரத்தைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்ததால் உண்மையைச் சொன்னேன். "பொம்பளைங்கதான் நெறைய வருவாங்க."

"ஓகோ. ஊர்ப் பொம்பளைங்க கைய நாளு பூரா மடில வெச்சுப் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கணும். அதுக்கு அவளுங்களே காசும் குடுக்கணும். நல்லாதாங்க யோசிச்சுக் கண்டுபுடிச்சிருக்கீங்க. பெங்களூரு வரைக்கும் போயிப் படிச்சிட்டு வந்த படிப்பு இல்லைங்களா!"

அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு இண்டூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். மழை பொய்த்த வருஷம் ஒரு படி கொள்ளு கேட்டபோது வீட்டில் இல்லாதவர்கள் எல்லாரும் இப்போது வீட்டில் இருந்தார்கள், என் வீட்டில். "நம்ம கவுரவம் என்னாத்துக்கு ஆவறது?" என்று கேட்டார்கள். கவுரவம் மட்டும் அவர்களிடம் எந்தப் பஞ்சத்திலும் குறைந்ததில்லை. அதை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து என் வாசலில் கொட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒருத்திகூடக் கையில் பச்சை இல்லாமல் மணையில் உட்கார்ந்தது கிடையாது. பச்சை குத்துகிறவளுக்கு வாசலில் பாய் போட்டு, அவளிடம் கையை நீட்டுவது கவுரவம். அவள் செய்கிற வேலையை நாம் செய்தால் கவுரவம் போய்விடும். இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்பில் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.

தருமபுரிச் சந்தையில் ஒரு வேப்பமரத்தடி கிடைத்தது. பெங்களூர்க்காரனைப் போலவே நானும் துணியில் படம் எழுதித் தொங்கவிட்டேன். பாம்பு, தேள், மயில், சிங்கம். நிழல் பிரமாதமாக இருந்தது. முதலில் வந்தது ஒரு அம்மாள். அழுகிற பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"சாமி, சீக்கிரம் பாருங்க. விரலு வீங்கிப்போச்சு."

"என்னாம்மா ஆச்சு?"

"தேளு கொட்டிருச்சு. பாம்பு, தேளு எல்லாம் படம் போட்டு வெச்சிருக்கீங்களே, மருந்துக் கடைதான?"

இல்லை, பச்சை குத்துகிறேன் என்று சொன்னேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் தேளுக்கு இருந்த மதிப்புகூட எனக்கு இல்லை. அதற்குப் பிறகும் சந்தைக்குச் சந்தை கடிபட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு வாடிக்கையாளர்கள் இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாரும் வேறு எதற்காகவோ வந்தவர்கள், அவ்வளவுதான்.

எனக்கு எதிர்ப்பக்கம், புளியமரத்தடியில், பச்சை குத்தும் அம்மா ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் படத்துணி கிடையாது, மரத்தடி நிழலும் பாதிதான். ஆனால் பெண்கள் அவளைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஊசியை எடுத்தாள் என்றால் பாட்டும் எடுப்பாள். ஊசி நிற்கிற வரை பாட்டு நிற்காது. குத்துகிறவள் பாட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஊசியைப் போலவே முக்கியம். பாட்டில்லாமல் குத்தினால் வலி உள்ளேயே தங்கிவிடும் என்று பெண்கள் சொல்வார்கள். பெங்களூர்க்காரன் பாடவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். சிப்பாய்களுக்கு வலிப்பதைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

எனக்கு உண்மையான முதல் வாடிக்கை ஒரு மாட்டுத் தரகர். பாம்பு வேண்டும் என்றார். வலது கையைக் கேட்டேன், தரவில்லை. "அது தொழில் பண்ற கையி தம்பி. துண்டுக்குள்ள வெச்சு விரலப் புடிச்சி வெல பேசறப்ப, வீங்கியிருந்தா எதிராளி எத்தன விரலுன்னு எண்ணுவான்?" நியாயம்தான். இடது கையைப் பிடித்து ஊசியை வைத்தேன்.

"பாட்டு?" என்றார்.

எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் காலையில் பாடும் கடவுள் வாழ்த்து. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். ஒரு புள்ளி குத்துவதற்குள் கையை இழுத்துக்கொண்டார்.

"இத உடு தம்பி. எனக்கு வாத்தியாரு பெரம்புதான் ஞாபகத்துக்கு வருது. வேற பாடு."

வேறு என்றால் எனக்குத் தெரிந்தது கூத்தில் கேட்ட பாட்டு. அதிலும் நெஞ்சில் நின்றது, மகன் செத்துக் கிடக்கும்போது தாய் அழுவதுதான். அதைக் கொஞ்சம் உருக்கமாகவே எடுத்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் யார் போய்விட்டார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். தரகர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாம்பு கடிக்கறதுக்கு முன்னாலயே பொணத்தத் தூக்கிட்டியே தம்பி" என்று சொல்லிவிட்டு, நான் வைத்த இரண்டு மூன்று புள்ளிகளோடு போய்விட்டார்.

தொழில் நிலைமை இது. வீட்டில் நானே களி கிண்டினேன், அது கல் கல்லாகக் கட்டிக்கொண்டது. களிக்காக மட்டும் உங்கள் அம்மா திரும்பி வர வேண்டும் என்று நான் நினைத்ததாக எண்ணிவிடாதீர்கள். படம் போட்டால் பார்த்துச் சிரிக்க ஆளில்லை. நான் சிங்கம் போட்டு, நானே பார்த்து, நானே சிங்கம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கு மேல் தனியாக இருக்க முடியாது என்று தெரிந்ததும் அவளைக் கூப்பிட்டு வர இண்டூருக்கு நடந்தேன்.

மாமனார் வீட்டை ஒட்டிய களத்தில் நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே உங்கள் அம்மா கேழ்வரகு அரைக்கிற சத்தம் கேட்டது.

"வாங்க மாப்ள. தொழிலு எப்படிப் போவுது?" காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற குரல்.

அந்தக் குரல்தான் என்னைக் கெடுத்தது. "கூட்டத்தச் சமாளிக்க முடியல மாமா" என்றேன்.

உள்ளே அரைக்கிற கல் நின்றது. "கூட்டம்னா யாரு எவருன்னு கேளுங்கப்பா" என்று அங்கிருந்தே அவள் குரல் வந்தது.

"எல்லாருந்தான் வர்றாங்க" என்றேன், சுவரைப் பார்த்து.

கல் மறுபடி ஓட ஆரம்பித்தது. முன்னைவிட வேகமாக.

"அந்த ஊசியத் தூக்கி ஏரில போட்டுட்டு வாங்க மாப்ள, இன்னைக்கே பொண்ண அனுப்பறேன்" என்றார் மாமனார். "அது வரைக்கும் அவ இங்கயே இருக்கட்டும்."

ஒரு மாட்டுத் தரகர், இரண்டு மூன்று புள்ளி, ஒரு பெண்கூடக் கை நீட்டவில்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் பாவம் பார்த்தாவது அவளை அனுப்பியிருப்பார்கள். ஆனால் எனக்கு என் மானம் முக்கியமாக இருந்தது. அதை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தேன்.

நான் சொன்ன கூட்டம் இண்டூரில் வளர்ந்தது. உங்கள் அம்மாவே வளர்த்தாள். கிணற்றடியில் கேட்டவர்களிடமெல்லாம், தன் புருஷன் சந்தையில் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அதனால்தான் வந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், ஆடு விற்கச் சந்தைக்கு வருகிறவர். ஒருநாள் அவரோடு அவளும் கிளம்பினாள், என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க.

அவள் வந்தபோது நான் மையில் விழுந்த ஈயை எடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு முன்னால் ஒரு ஆள் இல்லை. அவள் என்னிடம் வரவில்லை. நேராக எதிர்ப்பக்கம் போய்ப் பச்சை குத்தும் அம்மாவிடம் விசாரித்தாள். அந்த அம்மாவுக்குக் குரல் பெரிசு, பாடிப் பாடிப் பழகிய குரல்.

"அந்தத் தம்பியா? ஐயோ பாவம். கடை போட்ட நாள்ல இருந்து ஒருத்தி கையி குடுக்கலம்மா. ஈயி மட்டும் ஒக்காரும், குத்தறதுக்குள்ள அதுவும் எந்திரிச்சிப் போயிரும். நீ யாரும்மா, தங்கச்சியா?"

பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உங்கள் அம்மாவின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பிள்ளைகளே, அதுதான் இல்லை. வேகமாக என் கடைக்கு வந்தாள்.

"ஒருத்திகூட வர்லைங்களா?"

"இன்னும் தொழிலு சூடு புடிக்கல."

"கூட்டம்னீங்களே!"

"கூட்டந்தான், எதிர்ல."

"நான் ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். அழுகிற மாதிரி இருந்தது. "எவளும் சீந்தாத ஆளப் போயி எவளோ கொத்திக்கினு போயிடுவாள்னு அம்மா வூட்ல வந்து ஒக்காந்திருக்கேன். நாளைக்கி இது தெரிஞ்சா இண்டூர்ல நான் எப்படிங்க தண்ணிக்குப் போறது?"

சொல்லிவிட்டுப் பாயில் தொம்மென்று உட்கார்ந்தாள். வலது கையில் சின்ன வயதில் குத்திய கோலம் இருந்தது. இடது கையை நீட்டினாள். "குத்துங்க. எல்லாரும் பாக்கட்டும்."

ஊசியை மையில் தோய்த்தேன். "மயிலு குத்தட்டுமா?"

"வேணாங்க. ஒங்க தொடையில பாத்திருக்கேன்." மச்சான் உட்படச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்ப எம் பேரு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அதச் சொமக்கறது பத்தாதுங்களா? தேளு குத்துங்க."

ஊசி வைத்ததும் அவள் "ஸ்" என்றாள். கூட்டத்திலிருந்து ஒரு கிழவி, "பாடுப்பா, பாடாத குத்தறியே, நீயெல்லாம் மனுசனா?" என்று அதட்டினாள். நான் வாயைத் திறந்தேன். எதிர்ப்பக்கம் இருந்த பச்சை குத்தும் அம்மா, "அவன் வாணாம்! அவன் பாடினா எழவு வூடுதான்!" என்று கத்தினாள். அப்போது உங்கள் அம்மாவே பாட ஆரம்பித்துவிட்டாள். இண்டூர் ஏரிக்கழனியில் நாற்று நடும்போது பாடுகிற மெட்டு. வரி அவளுடையது.

"ஏரோட்டப் போகச் சொன்னா
ஊசியோட்டப் போன மச்சான்
களையெடுக்கப் போகச் சொன்னா
கையெடுத்துப் பாத்த மச்சான்"

குத்திக்கொள்கிறவளே பாடுவதை அந்தச் சந்தை அதுவரை பார்த்ததில்லை. எதிர்க்கடைக் கூட்டம் எழுந்து இங்கே வந்தது. வலி ஏறும்போதெல்லாம் குரலும் ஏறியது, என்னைத் திட்டுகிற வரியும் ஏறியது. என் சோம்பல், என் பெங்களூர், என் கட்டிக் களி எல்லாம் மெட்டில் உட்கார்ந்தன. களி விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெண்கள் இரண்டாம் வரியைத் திருப்பிப் பாடினார்கள். என்னை இப்படி நூறு பேர் சேர்ந்து திட்டியதில்லை. ஆனால் கடை முன்னால் கூட்டம் நின்றதும் அதுதான் முதல் தடவை, அதனால் நான் தலையைக் குனிந்துகொண்டு குத்தினேன். முன்பக்கத்து இடுக்கி இரண்டும் முடிந்தன. உடம்பு முடிந்தது.

மச்சான் தங்கை பாடுவதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார். ஆட்டுக் கயிறு கையில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. என் பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த அகத்திக்கீரைக் கட்டை அவர் ஆடு பார்த்துவிட்டது. ஆட்டுக்கு அகத்தி என்றால் உயிர். நான் நிமிர்ந்தபோது கட்டில் கடைசி ஈர்க்கு அதன் வாயில் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டினேன். ஓடுகிற ஓட்டத்தில் கொட்டாங்குச்சியை மிதித்துக் கவிழ்த்துவிட்டு ஓடியது. மை மண்ணில் போயிற்று, மறுபடி குழைக்கக் கீரையும் இல்லை.

பாட்டு நின்றது. உங்கள் அம்மா கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னாங்க?"

"தேளு."

"காலு எங்க? கொட்டற வாலு எங்க?"

"அடுத்த சந்தைல..."

"கொட்டாத தேளு! புருசன் குத்தினது அப்படித்தான் இருக்கும்" என்று அதட்டிய கிழவி சொன்னாள். சந்தையே சிரித்தது. உங்கள் அம்மா எழுந்து முந்தானையால் கையை மூடிக்கொண்டு, "அடுத்த சந்தைக்கி நான் ஏன் வர்றேன்?" என்று சொல்லிவிட்டு அண்ணனோடு போய்விட்டாள். என்னிடம் வந்த ஒரே பெண்ணும் பாதியில் எழுந்து போன கதை இது.

பிறகு இண்டூரில் நடந்ததை மச்சான்தான் வந்து சொன்னார். ஆட்டுக்குப் பரிகாரமாகவோ என்னவோ, எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். வீட்டுக்குப் போனதும் அவர் சம்சாரம், அதாவது உங்கள் அம்மாவின் அண்ணி, கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் நாத்தனா, கத்திரிக்காவுக்கு எதுக்கு ரெண்டு காம்பு?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து தெருவில் அவள் நடந்தால் பிள்ளைகள் கத்திரிக்காய் என்று கத்துகிறார்களாம். அவள் அம்மா, அதாவது உங்கள் ஆயா, விளக்கெண்ணெயும் மஞ்சளும் வைத்துத் தேய்த்துப் பார்த்தாளாம். வீக்கம் வற்றியது, கத்திரிக்காய் மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"பச்ச குத்தற அந்தம்மாகிட்டயே கூட்டிக்கினு போனேன் மாப்ள" என்றார் மச்சான். "அவ தொடமாட்டேன்னுட்டா. அடுத்தவன் ஆரம்பிச்சத நாங்க கையால தொட்டா எங்க ஊசிக்கி ஆவாதாம். ஆரம்பிச்சவன்தான் முடிக்கணுமாம்."

"அப்ப நான் வந்து முடிச்சுத் தர்றேன்."

"எங்கப்பா என்னா சொல்லிட்டாருன்னா, ஊசி எம் வாசப்படி மிதிச்சா நான் வூட்ட உட்டு எறங்கிடுவேன்னு."

ஒரு பக்கம் பச்சைக்காரம்மாவின் ஊசிக் கட்டுப்பாடு, இன்னொரு பக்கம் மாமனாரின் வாசற்படிக் கட்டுப்பாடு. இரண்டு பக்கமும் கவுரவம் காக்கப்பட்டது. நடுவில் கத்திரிக்காயோடு உங்கள் அம்மா மாட்டிக்கொண்டாள். அவளுக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை, கத்திரிக்காய் என்ற பெயரையும் அவளால் தாங்க முடியவில்லை. மச்சான் வந்துபோன பிறகு ஒருநாள் காலையில், கையில் சின்ன மூட்டையோடு என் வாசலில் நின்றாள்.

"மிச்சத்தக் குத்துங்க. தேளு முடிஞ்சதும் கெளம்பிடுவேன்."

மூட்டை சின்னதாக இருந்ததை நான் கவனித்தேன். அதனால் நிதானமாக வேலை செய்வது என்று முடிவு செய்தேன். முதல் நாள் ஒரு கால் குத்தினேன். அது ஆறாமல் அடுத்தது குத்தக் கூடாது, பழுத்துவிடும் என்றேன். பெங்களூரில் அப்படித்தான் என்றேன். பெங்களூர் என்று சொன்னால் அவள் மறுத்துப் பேச வழியில்லை, அவள் போனதில்லை. கால் ஆறுகிற வரை சும்மா இருப்பானேன் என்று களி கிண்டினாள், கட்டியில்லாமல். பிறகு வீட்டைப் பெருக்கினாள். சுவரில் நான் போட்டு வைத்திருந்த சிங்கத்தைப் பார்த்து, "இந்த நாயி எப்ப வந்துச்சுங்க?" என்று சிரித்தாள். நான் அடுத்த காலை இன்னும் தாமதித்துக் குத்தினேன். தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு பொறுமையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

இரண்டு பக்கமும் கால்கள் முடிந்துவிட்டன. நான் விடவில்லை.

"இன்னும் எத்தன காலுங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"பக்கத்துக்கு ஒண்ணு இருக்கும்."

அவள் எழுந்து வெளியே போனாள். வேலிப் பக்கம் கல்லைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு மண்சட்டி, மேலே மூடி. என் முன்னால் வைத்து மூடியை எடுத்தாள். உள்ளே ஒரு கருந்தேள் வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றியது.

"எண்ணுங்க. படிச்சவங்கதான நீங்க."

எண்ணவில்லை. ஊசியை எடுத்தேன். வாலைக் கணுக்கணுவாகக் குத்தினேன், அன்றைக்கே கொட்டும் முள் வரை முடித்தேன். அவள் பாடவில்லை. நானும் பாடவில்லை. இனி இழுக்க எதுவும் மிச்சமில்லை. துணியால் துடைத்துவிட்டு, அவள் மூட்டையை எடுப்பாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையைத் தூரத்தில் நீட்டிப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நான் போயிட்டா சந்தைல ஒங்ககிட்ட எவளாவது வருவாளா?"

"ஒருத்தியும் வரமாட்டா" என்றேன். கடை போட்ட பிறகு அவளிடம் என் தொழிலைப் பற்றி நான் பூசி மெழுகாமல் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"அது எனக்குத் தெரியுமுங்க. ஊசிய விடுவீங்களா?"

"மாட்டேன்." அது இரண்டாவது.

அவள் தேள் சட்டியை மூடினாள். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப கேட்டுக்குங்க. எவ கையயும் நீங்க புடிக்க வேணாம். நான் புடிக்கறேன். தோல நான் இழுத்துத் தர்றேன், பாட்டு நான் பாடறேன். நீங்க குனிஞ்ச தல நிமிராம குத்துங்க. ஒருத்தி மூஞ்சியக்கூட நீங்க பாக்கக் கூடாது. சம்மதமுங்களா?"

சம்மதம் என்றேன். அவள் தேளைக் கொண்டுபோய் வேலிக்கு வெளியே விட்டுவிட்டு வந்தாள்.

அப்படித்தான் என் தொழில் ஆரம்பித்தது. சண்டை வந்து பட்டாளத்துக்கு ஆள் எடுத்த வருஷங்களில்கூட, சிப்பாய்களை நம்பி நான் இருந்ததில்லை. வாடிக்கை முழுவதும் பெண்கள். அவர்கள் மடியில் இருந்த கையை உங்கள் அம்மா தன் மடிக்கு எடுத்துக்கொள்வாள், மணிக்கட்டைப் பிடித்துத் தோலை இழுப்பாள், என்னைத் திட்டுகிற பாட்டை எடுப்பாள். ஒவ்வொருத்தியும் தன் புருஷனைச் சேர்த்து ஒரு வரி போடுவாள். சிரித்துச் சிரித்து ஊசி வலியே தெரியாமல் போய்விடும். கவுரவத்தை என் வாசலில் கொட்டிய சொந்தக்காரர்கள் வீட்டுப் பெண்களும் வந்தார்கள், சந்தைக்கு உப்பு வாங்க வந்த மாதிரி. மாமனார் மட்டும் என் ஊசியைக் கடைசிவரை வாசற்படி ஏற விடவில்லை. அண்ணி வந்து மயில் கேட்டாள். உங்கள் அம்மா, "மயிலு வேணாம் அண்ணி, இவருக்கு வராது" என்று சொல்லி, அவளாகவே ஒரு கத்திரிக்காய் குத்தச் சொன்னாள். அதை நான் நன்றாகவே குத்தினேன்.

எல்லாருக்கும் தெரிந்த ஆளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், பென்னாகரம் பக்கமிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கையை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குனிந்திருந்த என் உச்சந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனக்கா, இந்த ஆளு யாரு? கூலிக்கி வெச்சிருக்கியா?"

உங்கள் அம்மா தோலை இழுத்துப் பிடித்தாள். "ஊசி புடிக்கறவரு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ம், ஆரம்பிங்க" என்றாள்.